கடவை எண்

பாரம் வந்தது, மூன்று பக்கம், மலாயில்.
இந்தப் பாதையில் ஓடும் எல்லா எஞ்சினிலும்
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள்
தானாகவே பிரேக் போடும் பெட்டி இருக்க வேண்டுமாம்.
எண்ணிட்ட கடவை ஒவ்வொன்றிலும் கேட், மணி, விளக்கு.
அரசாங்க உத்தரவு. கீழே வட்ட முத்திரை,
நீலம், ஓரத்தில் கொஞ்சம் கலைந்து.

போன வருஷமும் டிசம்பர் முப்பத்தொன்றுதான்.
அதற்கு முந்திய வருஷமும்.

நான் புக்கிட் தெமெராக் தோட்டத்துக் கிராணி.
கட்டங்களை நிரப்புவது என் வேலை.
குலை எத்தனை, டன் எத்தனை, உரம் எத்தனை மூட்டை,
பாம்புக்கடி எத்தனை.
இப்போது இது:
உங்கள் எல்லைக்குள் உள்ள ரயில் கடவைகள், எண் வாரியாக.

எண் இல்லை.
இரண்டாம் டிவிசனிலிருந்து ஆலைக்குப் போகிற மண்பாதை
தண்டவாளத்தை வெட்டும் இடத்துக்கு
எப்போதும் எண் இருந்ததில்லை.
அது தோட்டத்துப் பாதை என்கிறது ரயில்வே.
ரயில்வே நிலம் என்கிறது தோட்டம்.
ஆட்களுக்கு அது ஈயக் கேட்டு.
ஈயமும் இல்லை, கேட்டும் இல்லை,
யார் வைத்த பெயரோ.

ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு.
அதற்கு முன் இருட்டில்
ரஃபிக்குல் மோட்டோவை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவான்,
காது கேட்க வேண்டுமே.
விமலேஸ்வரி பிள்ளைகளை ஒவ்வொன்றாய்
அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு
கல்லில் கழன்ற செருப்புக்காகத் திரும்பி வருவாள்.
மின்சார வண்டி முன்கூட்டிச் சொல்லாது.
அது போன பிறகுதான் அதன் காற்று வரும்.

மார்ச்சில் குணாளனின் டிராக்டர்.
டிரெய்லர் மட்டும்தான் போனது.
நசுங்கின பழத்தின் எண்ணெய்
மழை வரும் வரை தண்டவாளத்தில் மினுங்கியது.
இப்போது அவனுக்கு உரக் கொட்டகையில் வேலை.
கத்திக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான்,
யாராவது விசிலடித்தால்
இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான்.

கட்டைகளின் நடுவே மஞ்சள் தகடு பொருத்த
ஒரு பையன் வந்தான், கீர்த்திவாசன், தைப்பிங் பக்கம்.
முழங்காலிட்டு நட்டு முறுக்கிக்கொண்டே சொன்னான்:
"இது வண்டியோட பேசும்கா.
டிரைவர் சிவப்பைத் தாண்டினா, அதுவே நிறுத்திடும்."
இங்கே சிவப்பே இல்லையே, தம்பி.
அவன் தகட்டைப் பார்த்தான்.
துணியால் துடைத்தான்.
"அப்ப, போகலாம்னுதான் சொல்லும்."

எண் இல்லாவிட்டால் காலியாக விடு என்றார் மானேஜர் ரொஸ்லி.
கணினி காலியை வாங்கவில்லை.
ஈயக் கேட்டு என்று அடித்தேன்.
இலக்கம் மட்டும், என்றது.
பூஜ்யம் அடித்தேன்.
பூஜ்யம் செல்லாது.

மறுநாள் இருட்டிலிருந்து இருட்டு வரை
ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன்.
ஆடுகளை விட்டு, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமல்,
அறுபத்து மூன்று பேர்.
63 அடித்தேன்.
ஒரு பச்சைக் கோடு போட்டு நன்றி சொன்னது.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம்:
கடவை எண் 63இல் கேட் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை.
ஏன் இல்லை?
பதினான்கு நாளில் விளக்கம் தரவும்.

அந்த இடத்தைப் பார்த்து
இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.
இரண்டு முறை படித்தேன். மலாயில் அது ஒரே சொல்.

மானேஜர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்,
"என்ன இது அறுபத்து மூன்று?
மற்ற அறுபத்திரண்டு கடவை எங்கே?"
நான் ஜன்னலைக் காட்டினேன்.
சாப்பாட்டு நேரம்.
வந்துகொண்டிருந்தார்கள், தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி.

விளக்கம் எழுத இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
எண்ணையும் திருத்த வேண்டும்.
விமலேஸ்வரியின் கடைக்குட்டி
நேற்றிலிருந்து நடக்கிறான்.
இடுப்பில் இருந்தவனை
நான் அன்றைக்கு எண்ணவில்லை.